நம்ம சரக்கே தேதிதான்: கல்யாண வேலை பாக்கறவங்களோட கேள்வி பதில்

கல்யாண ஃபீல்டுல இருக்கறவங்க உங்க வீட்டு வாழ்க்கையப் பத்தி எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன், இவ்ளோ கடிதம் வரும்னு சத்தியமா நினைக்கல. போட்டோகிராஃபர், மேக்கப் ஆர்ட்டிஸ்ட், டெக்கரேட்டர், டிஜே, சமையல் டீம் வச்சிருக்கறவங்க, அவங்க வீட்டுக்காரங்க, ஏன் பிள்ளைங்க கூட எழுதியிருக்காங்க. நானும் 22 வருஷமா கல்யாண கோஆர்டினேஷன்தான் பாக்கறேன், அதனால நிறைய கடிதம் படிக்கும்போது இது என் வீட்ல நடந்ததாச்சேன்னு கைய கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். எல்லாத்துக்கும் இங்க இடம் இல்ல, ஒரே மாதிரி வந்ததயெல்லாம் ஒண்ணா சேத்து ஏழு கேள்வி எடுத்திருக்கேன். யார் பேரும் போடல.

கேள்வி: அக்கா, நான் வெட்டிங் போட்டோகிராஃபர், 6 வருஷமா பண்றேன். சீசன்ல மாசம் 7 கல்யாணம் வரைக்கும் எடுக்கறேன். சனி ஞாயிறு ஃபுல்லா வெளிய, வாரநாள்ல வீட்லதான் இருக்கேன் ஆனா எடிட்டிங்ல மூழ்கி இருப்பேன். பையனுக்கு 5 வயசு, அவன் பொறந்தநாள மூணு வருஷமா மிஸ் பண்ணிட்டேன். "நீங்க வீட்ல இருந்தாலும் இல்லாத மாதிரிதான்"னு வைஃப் சொல்றாங்க. டைம் மேனேஜ்மென்ட் எங்க கத்துக்கலாம்?

பதில்: தம்பி, கிளாஸுக்கெல்லாம் போக வேணாம், ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு உக்காருங்க. ஒரு கல்யாணத்துக்கு உங்க நேரம் மொத்தமா எவ்ளோ போகுதுன்னு எழுதுங்க, நீங்க இதுவரைக்கும் எழுதிப் பாத்திருக்க மாட்டீங்கன்னு உங்க கடிதத்துலயே தெரியுது, ஏன்னா நீங்க கல்யாணத்த ஒரு நாள்னு எண்றீங்க. அன்னைக்கு நிக்கறது 10 மணி நேரம்னு வைங்க. 3000 ஃப்ரேம் எடுத்திருப்பீங்க, ஒண்ணு ஒண்ணயும் 3 செகண்ட் பாத்து இது வேணும் இது வேணாம்னு தள்ளினாலே இரண்டரை மணி நேரம். அதுல 600 தேறும், அதுக்கு கலர், க்ராப்னு படத்துக்கு ஒன்றரை நிமிஷம் போட்டா 15 மணி நேரம். ஆல்பம் டிசைன், அப்புறம் அவங்க அத மாத்து இத மாத்துன்னு சொல்றது, ஒரு 6 மணி நேரம். கல்யாணத்துக்கு முன்னாடி பேசறது, இடம் பாக்கப் போறது, ஃபோன், ஒரு 5. கூட்டுங்க, 38 தாண்டுது. ஒரு கல்யாணம்னா ஒரு முழு வாரத்து வேலை தம்பி. மாசத்துக்கு நாலு வாரம்தான் இருக்கு, நீங்க ஏழு கல்யாணம் ஒத்துக்கறீங்க. மிச்ச மூணு வாரத்த எங்கேருந்து எடுத்தீங்கன்னு உங்க வைஃபுக்குத் தெரியும், அதத்தான் அவங்க அந்த ஒரு வரில சொல்லிட்டாங்க.

நம்ம தொழில்ல விக்கறது போட்டோவோ பூவோ மேக்கப்போ மட்டும் கிடையாது, அதுக்கு முன்னாடி தேதிய விக்கறோம். கடை வச்சிருக்கறவருக்கு சரக்கு தீந்தா திரும்ப வரவழைச்சுக்கலாம், நமக்கு ஒரு சனிக்கிழமை வித்தா வித்ததுதான். கஸ்டமர் வந்து கேக்கறதும் முதல்ல "அந்தத் தேதில ஃப்ரீயா இருக்கீங்களா"ன்னுதான். அப்ப நம்ம வீட்டுக்குன்னு சரக்குல கொஞ்சம் எடுத்து வைக்காம மொத்தத்தையும் கடைல பரப்பிட்டோம்னா வீட்டுக்கு எதுவும் மிஞ்சாது. மிஞ்சினா எடுத்துக்கலாம்னு நினைக்கறதுதான் நாம எல்லாரும் பண்ற தப்பு, நானும் பண்ணேன். 11 வருஷத்துக்கு முன்னாடி என் சொந்த அண்ணன் பொண்ணு கல்யாணம், நான் தூக்கி வளர்த்த பொண்ணு. அவங்க தேதி குறிக்கறதுக்கு எட்டு மாசம் முன்னாடியே அதே தேதிய நான் இன்னொரு குடும்பத்துக்கு குடுத்துட்டேன், என் இடத்துல நிக்க ஒரு ஆள நான் தயார் பண்ணி வைக்கல, அட்வான்ஸ் வாங்கிட்டு கடைசி நேரத்துல அந்தக் குடும்பத்த நட்டாத்துல விடவும் மனசு வரல. அண்ணன் ஒரு வார்த்த சொல்லல. அந்த ஆல்பத்த இன்னைக்கும் நான் முழுசா பாக்கல.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் புது காலண்டர் வந்த அன்னைக்கே முதல் வேலையா வீட்டு ஆளுங்கள உக்கார வச்சு தேதி எழுதிடுவேன். பொறந்தநாள், ஸ்கூல் விழா, மாசத்துல ஒரு முழு வார இறுதி, வருஷத்துல தொடர்ந்தாப்ல 10 நாள். யாராவது அந்தத் தேதி கேட்டா "புக் ஆயிடுச்சுங்க"ன்னு சொல்றேன், உண்மையிலயே புக் ஆயிடுச்சுதானே, யாருக்குன்னு அவங்க கேக்கறதில்ல. உங்க பையன் பொறந்தநாள் வருஷா வருஷம் ஒரே தேதிலதான் வருது, அத இன்னைக்கே அடுத்த 3 வருஷத்துக்கு அடைச்சுடுங்க.

வருமானம் போயிடுமேன்னு கேப்பீங்க. ஏழுல ரெண்டு கல்யாணம், சும்மா இருந்துடுவோமோங்கற பயத்துல ரேட்ட இறக்கி ஒத்துக்கிட்டதா இருக்கும், எனக்குத் தெரிஞ்ச எல்லார்கிட்டயும் அப்படித்தான் இருக்கு. அந்த 38 மணி நேரத்தால உங்க ரேட்ட வகுத்துப் பாருங்க, மணிக்கு எவ்ளோ வருதுன்னு பாத்தா அந்த ரெண்ட விடறதுக்கு மனசு தானா வரும். ஃப்ரேம் தள்ளற வேலைய நம்பிக்கையான ஒருத்தருக்கு காசு குடுத்து பண்ண வைங்க, ஆல்பம் எத்தன தடவ மாத்தித் தருவீங்க, எத்தன வாரத்துல டெலிவரின்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க, நாலு வாரத்துல தர முடியும்னாலும் எட்டுன்னு எழுதுங்க. கல்யாணத்தன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தா ஒரே ஒரு வேலை, கார்டுல இருக்கறத காப்பி போடறது. மொத்தம் மூணு காப்பி, ரெண்டு விதமான ஸ்டோரேஜ்ல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய, இந்த 3-2-1 கணக்கு உங்களுக்கே தெரியும். அது ஓடி முடிஞ்சதும் லேப்டாப்ப மூடிடணும், "சும்மா நாலு படம் பாப்போம்"னு திறந்தா விடிஞ்சிடும். எடிட்டிங்குக்கு ஒரு ஆபீஸ் டைம் வைங்க, 10 மணிலேருந்து 5 மணி வரைன்னு, ரூம் கதவ சாத்திட்டு, 5 மணிக்கு கதவு திறந்தா அப்பா வந்துட்டாருன்னு அந்தப் பையனுக்குப் புரியற மாதிரி.

கேள்வி: மேடம், நான் டிஜே. நிகழ்ச்சி முடிஞ்சு வந்தா காதுல 'ஙொய்'னு சத்தம் கேக்குது, முன்னாடி காலைல போயிடும், இப்ப ரெண்டு நாள் ஆனாலும் போக மாட்டேங்குது. இதுவும் ஒர்க் லைஃப் பேலன்ஸ்ல சேருமா?

பதில்: சேராம என்ன தம்பி, வீட்ல பிள்ள கூப்பிடறது காதுல விழணும்ல. தள்ளிப் போடாம இந்த வாரமே காது டாக்டர்கிட்ட போயி கேட்கும் திறன் டெஸ்ட் எடுத்துடுங்க, உள்காதுல இருக்கற மயிர் செல் செத்தா திரும்ப முளைக்காது, மருந்தும் கிடையாது. 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம்னு ஒரு அளவு வச்சிருக்காங்க, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணின்னு போயி 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம்தான். ஸ்பீக்கர் பக்கத்துல 100 சாதாரணமா வரும், நீங்க நிக்கறது 5 மணி நேரம். மியூசிஷியன்ஸ் போடற ஃபில்டர் வச்ச இயர்பிளக் இருக்கு, பஞ்சு மாதிரி மேல்சத்தத்த மட்டும் அமுக்காம எல்லாத்தையும் ஒரே அளவா குறைக்கும், பாட்டு பாட்டாவே கேக்கும். டாக்டர் பாத்த பிறகு அத வாங்கிப் போடுங்க, மானிட்டர் ஸ்பீக்கர காதுக்கு நேரா வைக்காதீங்க, நடு நடுவுல 10 நிமிஷம் வெளிய போய் அமைதியா நில்லுங்க.

கேள்வி: அக்கா, நான் மேக்கப் ஆர்ட்டிஸ்ட். காலைல 5 மணிக்கு பொண்ணு ரெடியாகணும்னா நான் ராத்திரி 2 மணிக்கே எழுந்திரிக்கணும். சீசன்ல அதே நாள் சாயந்திரம் இன்னொரு இடத்துல ரிசப்ஷன் மேக்கப்பும் எடுத்துடறேன். எல்லாம் முடிச்சு பெட்டி கட்டும்போது 10 மணி ஆயிடும். போன மாசம் கார் ஓட்டிட்டு வரும்போது ரெண்டு தடவ கண்ணு சொக்கிடுச்சு. வீட்ல சொல்லல.

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்த ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன், யாருக்கும் பேச்சு வரல. முதல்ல இன்னைக்கு வீட்ல சொல்லுங்க.

1997ல ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேரு ஒரு சோதனை பண்ணாங்க, தூங்காம இருக்கறவங்களையும் குடிச்சிருக்கறவங்களையும் ஒரே வேலைய செய்ய வச்சு ஒப்பிட்டாங்க. 17 மணி நேரம் முழிச்சிருந்தவங்களோட கை கண் ஒத்துழைப்பு, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு இறங்கிடுச்சு, 24 மணி நேரம் முழிச்சிருந்தா 0.10 அளவுக்கு. நிறைய நாட்டுல 0.05 இருந்தாலே வண்டி ஓட்டக்கூடாதுன்னு சட்டம். இப்ப உங்க கணக்கப் போடுங்க, 2 மணிக்கு எழுந்தா சாயந்திரம் 7 மணிக்கே 17 மணி நேரம் முடிஞ்சுது. நீங்க சாவி போடறது 10 மணிக்கு, 20 மணி நேரம். ஒரு சொட்டு குடிக்காத பொண்ணு நீங்க, ஆனா ஸ்டியரிங் பிடிக்கற கை குடிச்சவன் கை மாதிரிதான் இருக்கு.

கண்ணாடிய இறக்கி விடறது, பாட்ட சத்தமா வைக்கறது, முகத்துல தண்ணி அடிக்கறது எதுவும் தூக்கத்த நிறுத்தாது. சொக்க ஆரம்பிச்சுட்டா பாதுகாப்பான இடத்துல ஓரங்கட்டி, கதவ லாக் பண்ணிட்டு, ஒரு காபி குடிச்சு 20 நிமிஷம் தூங்கினா கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும், காபி வேலை செய்ய கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆகுங்கறதால குடிச்சுட்டுத் தூங்கறது சரியா வரும். ஆனா இது ஆபத்துக்குத்தான், இத வச்சு ஒரு சீசன ஓட்ட முடியாது. காபில தூக்கத்த விரட்டற காஃபீன்ல பாதியளவு உடம்ப விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சாயந்திரம் 6 மணிக்கு குடிச்ச காபி ராத்திரி 11 மணிக்கும் பாதி உள்ள இருக்கும், அப்புறம் அன்னைக்குத் தூக்கம் வரலன்னு அடுத்த நாளும் கெடும்.

அதனால நான் சொல்றது இதுதான், 2 மணிக்கு எழுந்திரிக்கற நாள்ல சாயந்திரம் வேலை எடுக்கக்கூடாது. எடுத்தே ஆகணும்னா உங்க அசிஸ்டென்ட்ட அனுப்புங்க, முன்கூட்டியே கஸ்டமர்கிட்ட சொல்லி, ட்ரையலையும் அந்த அசிஸ்டென்ட்டே பண்ண வச்சா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. விடியக்காலை வேலைக்கு டிரைவர் வச்ச வண்டிச் செலவ பேக்கேஜ்லயே சேத்துடுங்க, தனியா காட்டினாதான் குறைக்கச் சொல்லுவாங்க. இன்னொண்ணு கேக்காமலே சொல்றேன், கால் வைக்க கட்டை உள்ள உயரமான மடக்கு நாற்காலி ஒண்ணு வாங்கிட்டுப் போங்க. சாதா நாற்காலில உக்கார வச்சு மூணு மணி நேரம் குனிஞ்சா இன்னும் பத்து வருஷத்துல இடுப்பு உங்களோடதா இருக்காது, என் கூட ஆரம்பிச்ச மேக்கப் பொண்ணுங்கள்ல பாதி பேர் இடுப்பு வலியாலதான் வெளிய போனாங்க.

கேள்வி: நான் வெட்டிங் பிளானர். கஸ்டமர் ராத்திரி 12 மணிக்கு வாட்ஸ்அப் பண்றாங்க, பதில் போடலன்னா 12:10க்கு கேள்விக்குறி, 12:15க்கு ஃபோன். எடுத்தா "டேபிள் துணி கலர் மாத்தலாமா"ன்னு கேக்கறாங்க. எடுக்கலன்னா ரிவ்யூ மோசமா போட்டுடுவாங்களோன்னு பயம். கணவர் பக்கத்துல படுக்கவே பிடிக்கலன்னு சொல்றாரு, ஃபோன் வெளிச்சத்தால.

பதில்: 12 மணிக்கு மெசேஜ் பண்ற பொண்ணு உங்கள அடிமையா நினைச்சு பண்ணல, அவளுக்கு அப்பதான் மனசு பதறுது. துணி கலர் ஒரு சாக்கு, எல்லாம் நல்லபடியா நடந்துடுமாங்கறதுதான் உள்ள இருக்கற கேள்வி. அத 12 மணிக்கு பதில் போட்டு தீர்க்க முடியாது, ஏன்னா நீங்க பதில் போட்டீங்கன்னா 12 மணிக்கு கேட்டா பதில் வரும்னு அவ கத்துக்கறா, நாளைக்கும் கேப்பா. பழக்கினது நாமதான். நானே பழக்கி, நானே அவஸ்தைப்பட்டு, அப்புறம்தான் மாத்தினேன்.

புக்கிங் அன்னைக்கே சொல்லிடணும். "காலைல 10 டு சாயந்திரம் 6 பதில் போடுவேன், வாரத்துல ஒரு நாள் லீவு, கல்யாணத்துக்கு முந்தின 3 நாள் எப்ப வேணா கூப்பிடலாம்"னு. அந்தக் கடைசி 3 நாள குடுக்கறதால மத்த நாள அவங்க சந்தோஷமா விட்டுக் குடுக்கறாங்க. அப்புறம் வாரத்துல ஒரு நாள், ஒரே நேரத்துல, கேக்கறதுக்கு முன்னாடியே நீங்களே ஒரு அப்டேட் அனுப்புங்க, எது முடிஞ்சுது எது பாக்கி, எது யார் முடிவு பண்ணணும்னு. இத ஆரம்பிச்ச பிறகு எனக்கு ராத்திரி மெசேஜ் கிட்டத்தட்ட நின்னே போச்சு. குடும்பத்துல ஒருத்தர்தான் உங்ககூட பேசணும், பொண்ணு, அம்மா, அக்கா, மாப்பிள்ளையோட ஃப்ரெண்டுன்னு ஆளுக்கொரு குரூப் வேணாம். வேலைக்கு தனி நம்பர், அந்த ஃபோன் ராத்திரி ஹால்லயே சார்ஜ்ல இருக்கட்டும், படுக்கற ரூமுக்குள்ள வர வேணாம்.

ஃப்ரான்ஸ்ல 2017லேருந்து, ஆஸ்திரேலியாவுல 2024லேருந்து வேலை நேரத்துக்கு வெளிய வர்ற ஆபீஸ் மெசேஜுக்கு பதில் சொல்லாம இருக்கற உரிமைய சட்டத்துலயே கொண்டு வந்துட்டாங்க. அது சம்பளத்துக்கு இருக்கறவங்களுக்கு, நம்மள மாதிரி சொந்தமா பண்றவங்களுக்கு யாரும் சட்டம் போட்டுத் தர மாட்டாங்க, நம்ம சட்டத்த நாமதான் எழுதணும். ரிவ்யூ பயம் புரியுது. ஆனா இத்தன வருஷத்துல எனக்கு வந்த மோசமான பேச்சு எல்லாம் சொன்னத செய்யாததுக்குத்தான் வந்திருக்கு, ராத்திரி தூங்கினதுக்காக ஒருத்தர் கூட குறை சொன்னதில்ல.

கேள்வி: அம்மா, நான் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கறவன், வயசு 54. என்கிட்ட 18 பேர் வேலை பாக்கறாங்க. முன்ன மாதிரி பசங்க நிக்க மாட்டேங்கறாங்க, ஒரு சீசன் முடிஞ்சா ஓடிடறாங்க. சம்பளம் ஏத்தியும் பாத்துட்டேன்.

பதில்: அண்ணே, நீங்க பேலன்ஸ்னு ஒரு வார்த்த கூட எழுதல ஆனா உங்க கேள்வியும் அதான். சம்பளத்த ஏத்தினீங்க சரி, அந்தச் சம்பளத்த செலவு பண்ண அவங்களுக்கு ஒரு நாள் குடுத்தீங்களா? 1921லயே, நூறு வருஷத்துக்கு முன்னாடி, உலகத் தொழிலாளர் அமைப்பு தொழிற்சாலை ஆளுங்களுக்கு 7 நாளைக்கு ஒரு தடவ தொடர்ச்சியா 24 மணி நேரம் ஓய்வுன்னு தீர்மானம் போட்டுச்சு. ஐரோப்பாவுல ஒரு வேலை முடிஞ்சு அடுத்த வேலை ஆரம்பிக்க 11 மணி நேரம் இடைவெளி வேணும்னு விதி இருக்கு. உங்க பசங்க ராத்திரி 1 மணிக்கு பாத்திரம் கழுவி ஏத்திட்டு காலைல 4 மணிக்கு அடுத்த ஹால்ல அடுப்பு பத்த வைக்கறாங்க, நடுவுல லாரி மேல தூக்கம். 2021ல உலக சுகாதார நிறுவனமும் தொழிலாளர் அமைப்பும் சேந்து வெளியிட்ட கணக்குல, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ உழைக்கறவங்களுக்கு, 35 - 40 மணி நேரம் உழைக்கறவங்கள விட பக்கவாதம் வர்ற வாய்ப்பு 35 சதவீதமும் இதய நோயால சாகற வாய்ப்பு 17 சதவீதமும் கூடுதல்னு சொல்லியிருக்காங்க. இது உங்களுக்கும் சேத்துதான் அண்ணே, 54 வயசு.

18 பேர ரெண்டு செட்டா பிரிங்க, ராத்திரி வேலை முடிச்ச செட்டு அடுத்த நாள் காலைல வரக்கூடாது. ஆள் பத்தாதுன்னா அந்தக் காலை ஆர்டர எடுக்காதீங்க, இல்ல தெரிஞ்ச இன்னொரு கான்ட்ராக்டருக்கு குடுங்க, அவர் உங்களுக்கு இன்னொரு நாள் குடுப்பாரு. லீவு நாள ஒரு மாசம் முன்னாடியே எழுதி சுவத்துல ஒட்டுங்க, "நாளைக்கு வேணாம் போடா"ன்னு முந்தின ராத்திரி சொல்ற லீவுல ஒருத்தன் ஊருக்குப் போய் அம்மாவ பாத்துட்டு வர முடியாது. கத்தியும் கொதிக்கற எண்ணெயும் இருக்கற இடத்துல தூக்கம் இல்லாத ஆள நிறுத்தறது எவ்ளோ ஆபத்துன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

கேள்வி: எனக்கு இப்ப கல்யாணம்னாலே வெறுப்பா இருக்கு. ஃப்ரெண்ட் கல்யாணத்துக்குப் போனாலும் லைட் சரியில்ல, பூ வாடிடுச்சுன்னுதான் கண்ணு போகுது. பொண்ணு அழுதா மத்தவங்களுக்கு கண்ணு கலங்குது, எனக்கு மணி எவ்ளோன்னு தோணுது. நான் கல் மாதிரி ஆயிட்டேனா? 9 வருஷமா வீடியோகிராஃபர்.

பதில்: கல் ஆகல, களைச்சுப் போயிருக்கீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன்அவுட்னா என்னன்னு எழுதும்போது மூணு விஷயம் சொன்னாங்க. உடம்பும் மனசும் சக்தியெல்லாம் வத்திப் போறது, செய்யற வேலை மேலயே ஒரு விலகலும் வெறுப்பும் வர்றது, என்ன செஞ்சாலும் உருப்படியா செய்யறோம்ங்கற எண்ணம் குறையறது. அத நோய்னு சொல்லல, வேலைல தீராம கிடக்கற அழுத்தத்தால வர்றதுன்னு சொன்னாங்க. நீங்க எழுதினது அந்த ரெண்டாவது.

நம்ம தொழில்ல இது சீக்கிரம் வரும், ஏன்னா நம்ம வேலைல முகமும் வேலை பாக்குது. சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983ல விமானப் பணிப்பெண்கள வச்சு இதப் பத்தி எழுதினாங்க, உள்ள ஒண்ணு இருக்க வெளிய சிரிச்சுக்கிட்டே இருக்கறதும் ஒரு உழைப்பு, உணர்ச்சி உழைப்புன்னு. வாரத்துக்கு ரெண்டு தடவ, இதுதான் உலகத்துலயே முதல் கல்யாணம்ங்கற மாதிரி நாம நிக்கணும், வீட்ல அன்னைக்கு என்ன நடந்திருந்தாலும். அந்த உழைப்புக்கு நாம ஓய்வு குடுக்கறதே இல்ல, முதுகு வலிச்சா படுக்கறோம், இதுக்கு என்ன பண்ணணும்னு தெரியாது.

முடிஞ்சா 3 வாரம் கல்யாணம் இல்லாம இருங்க. அப்ப ரீல்ஸ்ல மத்தவங்க எடுத்த கல்யாண வீடியோ பாத்துட்டு இருந்தா அது லீவு ஆகாது. கல்யாணத்துக்கு சம்பந்தமே இல்லாத எதையாவது பழகுங்க, நீச்சல், தச்சு வேலை, எதுவா இருந்தாலும் சரி, புதுசா ஒண்ணு கத்துக்கறதும் வேலைய மனசுலேருந்து முழுசா இறக்கி வைக்கறதும் நல்லா மீட்கும்னு வேலைக் களைப்பப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்களும் சொல்றாங்க, என் அனுபவமும் அதான். மூணு வாரத்துக்கு அப்புறமும் தூக்கம் வரல, எதுலயும் ஒட்டல, வாழப் பிடிக்கலன்னு தோணுதுன்னா அது களைப்பத் தாண்டின விஷயம், மனநல டாக்டர பாருங்க, தள்ளிப் போடாதீங்க. இந்தத் தொழில விட்டுட்டுப் போகணும்னு முடிவு பண்ணாலும் அது தோல்வி இல்ல, ஆனா அந்த முடிவ சீசன் நடுவுல, ரெண்டு மணி நேரம் தூங்கின காலைல எடுக்காதீங்க.

கேள்வி: ஆன்ட்டி, நான் பன்னெண்டாவது படிக்கறேன். எங்க அம்மா பூ டெக்கரேஷன் பண்றாங்க. அப்பா இல்ல. அம்மாதான் எல்லாம். அவங்க எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒரு தடவ கூட வந்ததில்ல, எல்லாமே சனிக்கிழமதான் வருது. நான் கோவிச்சுக்க மாட்டேன், எனக்காகத்தான் போறாங்கன்னு தெரியும். ஆனா இந்த வருஷம் கடைசி, நான் ஆடறேன். அம்மா கை விரல் எல்லாம் வெடிச்சு எரியுதுன்னு சொல்றாங்க, அதுக்கும் என்ன பண்ணலாம்?

பதில்: கண்ணு, கோவிச்சுக்க மாட்டேன்னு நீ எழுதினத நான் நாலு தடவ படிச்சேன். நீ கோவிச்சுக்கலாம். கோவிச்சுக்கறதுக்கும் அம்மா மேல பாசம் இருக்கறதுக்கும் சண்டை இல்ல. நீ ஆடறத அம்மாகிட்ட சொல்லிட்டியா? கடிதத்துல அது இல்ல, நீ இன்னும் சொல்லலன்னுதான் எனக்குத் தோணுது, சொன்னா அம்மாவுக்கு கஷ்டம்னு நினைச்சு. சொல்லு. அவங்க தேதி எழுதற நோட்ட நீயே எடுத்து அதுல எழுதிடு, கஸ்டமர் பேர் எழுதற இடத்துல உன் பேர.

அம்மா கைய தோல் டாக்டர்கிட்ட காட்டணும், சில பூவே அலர்ஜி குடுக்கும். அல்ஸ்ட்ரோமீரியா, ட்யூலிப் ரெண்டுலயும் ட்யூலிப்பாலின்னு ஒரு பொருள் இருக்கு, அது விரல் நுனிய வறள வச்சு வெடிக்க வைக்கும், பூ வேலை பாக்கறவங்களுக்கு வர்றதால 'ட்யூலிப் விரல்'னே பேரு. எந்தப் பூவ தொட்டா அதிகமாகுதுன்னு அம்மாவ கவனிக்கச் சொல்லு. கையுறைன்னா நைட்ரைல்ல வாங்கு, வினைல் கையுறைக்குள்ள அது ஊடுருவிடும். வேலை முடிஞ்சதும் கைய கழுவி, துடைச்சு, வாசனை இல்லாத களிம்பு ஏதாவது தடவணும், அது உன் வேலையா வச்சுக்கோ, ராத்திரி அஞ்சு நிமிஷம் அம்மா கை உன் மடில.

இனி அம்மாவுக்கு. அம்மா, உங்க பொண்ணு இந்த இதழ உங்க கண்ல படற இடத்துல வைப்பா. தனி ஆளா ஒரு பொண்ண வளர்க்கறவங்களுக்கு ஒரு சனிக்கிழமைய விடறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், அதனால விடச் சொல்லல. டெக்கரேஷன்ல உங்க வேலை பெரும்பாலும் விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி முடிஞ்சுடும், கழட்டறது நிகழ்ச்சி முடிஞ்ச பிறகு. நடுவுல இருக்கற அந்த நாலஞ்சு மணி நேரம் பூ வாடுதா, எதாவது சாயுதான்னு பாத்துட்டு நிப்பீங்க. அன்னைக்கு ஒரு நாள் அந்த நேரத்துக்கு மட்டும் கூட வேலை பாக்கற ஒருத்தர நிறுத்துங்க, அவங்களுக்கு அதுக்கு காசு குடுங்க, இப்பவே பேசி வச்சுடுங்க. விழா எத்தன மணிக்கு, அவ எத்தனாவதா ஆடறான்னு அவகிட்ட கேளுங்க.